முன்பாதி தம்பி, பின்பாதி இவர்

என் வீட்டுக்காரருக்குக் கனவு காண்பதற்குத் தூக்கம் தேவையில்லை. அடுப்பில் பால் பொங்கினால் பக்கத்திலேயே நின்று அது பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறீங்க, அணைக்கக் கூடாதா?" என்று கேட்டால், "எவ்வளவு அழகா எழும்புது பாரு" என்பார். அடுப்பைத் துடைப்பது நான். இப்படி ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தப் பொறுமை வேண்டும். என்னிடம் அது கிடையாது. அதனால் கத்தித் தீர்த்துவிட்டுத் துடைப்பேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. வருகிறவர்களை இருட்டறையில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, இல்ல அதுல தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருடைய தம்பி ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிறவன். ஆளைச் சத்தம் புகாத அறையில் அடைத்து, காதில் கருவியை மாட்டிவிட்டு, "கேட்டா கையைத் தூக்குங்க" என்பான். ஊரார் கண்ணுக்கு ஒருத்தர், ஊரார் காதுக்கு ஒருத்தன். கீழே நாங்கள் இருந்தோம், மாடியறையில் தம்பி இருந்தான். ஆனால் இவர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். இவர் பேசினாலும் அவன் காதில் விழாது.

சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். சண்டையாக இருந்திருந்தால் நானே நடுவில் புகுந்து இரண்டு பேரையும் நாலு வாங்கு வாங்கி முடித்து வைத்திருப்பேன். இது வெறும் மௌனம். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்தபோதே அது கூடத்தில் ஒரு பழைய அலமாரியைப்போல நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் அதைச் சுற்றி நடந்து பழகியிருந்தார்கள். "அண்ணி, தொட்டி நிரம்பிடுச்சு, மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க" என்பான் தம்பி. இவர் இரண்டடி தள்ளி நின்று பல் தேய்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பி, "தொட்டி நிரம்பிடுச்சாம்" என்பேன். "நிறுத்திட்டேன்னு சொல்லு" என்பார் வாய் நிறைய நுரையோடு. என்னைக் கட்டிக்கொண்டதே தூது போக ஆள் வேண்டும் என்றுதானோ என்று எனக்குப் பல நாள் சந்தேகம்.

காரணம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், தார்ப்பாய்க்குள் மூடிக் கிடந்தது. ஒரு பழைய ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வகை. இளவட்டமாக இருந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. லீவு விட்டால் போதும், ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்கு அதை ஓட்டிக்கொண்டு போய்க் கரைமேல் ஏறுவதும் இறங்குவதுமாக நாளைக் கழிப்பார்களாம். ஒரு நாள் இவர் ஓட்ட, தம்பி பக்கத்தில் இருக்க, கரைச் சரிவில் வண்டி புரண்டுவிட்டது. இவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. தம்பியின் இடது தொடை எலும்பு உடைந்தது. கூடி வந்தபோது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிப்போனது. எப்படி நடந்தது என்று ஒரே ஒரு முறை இவரிடம் கேட்டிருக்கிறேன். "தண்ணில வெயில் விழுந்துது. பாத்தேன்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. பால் பொங்குவதைப் பார்க்கிற மனிதர் தண்ணீரையும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

மழைக்காலம் தொடங்கும்போது தம்பி ஒரு சேதி சொன்னான். ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறோர் ஊரில் கிளை திறக்கிறார்கள், மழை விட்டதும் அங்கே போகப் போகிறான், அங்கேயே இருந்துவிடுவான். வழக்கம்போல என்னிடம்தான் சொன்னான். வழக்கம்போல இவரும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அன்றைக்கு நான் சேதியை எடுத்துச் சொல்லவில்லை. இவர் சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் காபி கொடுக்கத் தேடினால் ஆளைக் காணோம். கொட்டகையில் தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு ஜீப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன உத்தேசம்?" என்றேன்.

"இதை ஓட வைக்கணும். அவன் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை என் பக்கத்துல உக்காந்து வரணும். அப்புறம் எங்க வேணா போகட்டும்."

"அதுக்கு இரும்போட மல்லுக்கட்டணுமா? வாயைத் திறந்து 'தப்பு என்னோடதுதான்டா, மன்னிச்சுக்கோ'ன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு."

"சொன்னா 'பரவால்ல'ன்னுடுவான். அந்தப் பரவால்லையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

கோபமாக வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பக்கத்தில் உட்காருவதற்கு வார்த்தை போதாது, நம்பிக்கை வேண்டும்.

அன்றிலிருந்து என் வீடு வீடாக இல்லை. மண்ணெண்ணெய் வாடை தலையணைவரை வந்துவிட்டது. கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசைமேல் பிரித்துப் போட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஊசி நுழையாத துளைகளில் அடைந்திருந்த பச்சைப் பிசினை மெல்லிய கம்பியால் குத்திக் குத்தி எடுத்தார். என் மாவுச் சல்லடையில் நட்டும் போல்ட்டும் குளித்தன. "புதுச் சல்லடை வாங்கித் தரேன்" என்றார். "புது வீட்டுக்காரர் கிடைப்பாரா பாருங்க" என்றேன். சிரித்துவிட்டு, துளையில் வெளிச்சம் வருகிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சின்னத் துளைக்குள் அவருக்கு ஒரு வானம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். நானும் வாங்கிப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது.

பிரேக்கைப் பின்சக்கரத்திலிருந்து தொடங்கினார். இறுகிப்போன டிரம்மைச் சூடு காட்டி, தட்டி, மறுபடி சூடு காட்டிக் கழற்றினார். உள்ளே ரப்பர் எல்லாம் பிஸ்கட்டாக உதிர்ந்தது. ஒரு நாள் காலையில் துணி காயப்போடப் போனவள் நின்றுவிட்டேன். வண்டியின் முன்சக்கரம் ஒன்று கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. இவர் அதைத் தொட்டதே இல்லை. இவர் கடைக்குப் போய்விட்டால் திரும்பச் சாயங்காலமாகும். தம்பிக்கு மதியத்துக்குமேல்தான் வேலை. சக்கரம் இருந்த இடத்தில் பேரிங்குகள் கழுவித் துடைத்து, புதுக் கிரீஸ் பூசி, மேலே செய்தித்தாள் போர்த்தி வைக்கப்பட்டிருந்தன.

சாயங்காலம் இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்து, மறுபடி அப்படியே மூடினார்.

"நம்ம வீட்டு எலி ரொம்ப சுத்தமா வேலை பாக்குது" என்றேன்.

இவர் பின்பக்கம் போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. யாரும் பேசிச் செய்த ஏற்பாடில்லை. முன்பாதி தம்பியுடையது, பின்பாதி இவருடையது. நடுவில் இருந்த இன்ஜின் பொதுச்சொத்து. காலையில் தம்பி திறந்து வைத்ததை மாலையில் இவர் துடைத்து மூடுவார். இவர் தேடிக் கிடைக்காமல் விட்ட ஸ்பானர் மறுநாள் வண்டியின் மூக்கின்மேல் இருக்கும். இன்ஜினைத் தவிர, ஒருவர் பாதியில் மற்றவர் கை வைக்கமாட்டார். கேட்கவும் மாட்டார். பின்னால் என்ன நடக்கிறது என்று தம்பிக்குத் தெரியாது, முன்னால் என்ன நடக்கிறது என்று இவருக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் இவர் சாக்கில் சுற்றிய ஒரு கனத்த இரும்பைத் தோளில் தூக்கி வந்தார். வேறொரு காலையில் தம்பியும் அதேமாதிரி ஒன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தான். பார்த்தேன். இரும்பு இரும்புதானே என்று என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொட்டகையில் இருப்பார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் தெரியும். பின்னால் ஒரு ஜோடி, முன்னால் ஒரு ஜோடி. முன்னால் இருக்கும் ஜோடியில் ஒன்று கொஞ்சம் உள்ளடங்கி இருக்கும். தகரக் கூரைமேல் மழை பெய்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் ஸ்பானர் விழுவதுகூட எங்கோ வேறொரு தெருவில் விழுவதுபோல இருக்கும். அந்த மழை வெளிச்சத்துக்குக் காலையும் கிடையாது, மாலையும் கிடையாது. சோறு வடிப்பதை மறந்து நானே நின்றிருக்கிறேன். இவரைச் சொல்லிவிட்டு எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது.

அப்படி ஒரு மதியத்தில் நான் காபி கொண்டுபோனபோது இவர் வண்டிக்கு அடியிலேயே தூங்கிப்போயிருந்தார். மேலே ஏதோ ஓரிடத்திலிருந்து எண்ணெய் அவர் காதோரம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, தம்பிக்குக் கேட்டிருக்கிறது. தவழ்ந்து வந்தான். ஒரு டப்பாவைச் சொட்டுக்கு அடியில் நகர்த்தி வைத்தான். டப்பாவில் விழும்போது டங் டங்கென்று சத்தம் அதிகமாகவே, உள்ளே ஒரு கந்தலைப் போட்டான். பிறகு இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தூங்குகிற ஆளைப் பார்க்கத் தைரியம் அதிகம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை குறைந்து ஆகாயம் வெளுக்க ஆரம்பித்தபோது இன்ஜின் உயிர் பெற்றது. முதலில் ஒரு தும்மல், அப்புறம் கொட்டகை முழுக்க நீலப் புகை, அப்புறம் ஒரு தட்டுத் தடுமாறிய ஓட்டம். தம்பி நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "அண்ணி, மூணாவது சிலிண்டர்ல தட்டுது. கொஞ்சம் இறுக்கச் சொல்லுங்க" என்றான். சொன்னேன். இறுக்கினார். தட்டல் நின்று ஓட்டம் சீரானது. நான் மட்டும் கைதட்டினேன்.

தம்பி புறப்படுவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. "ஏரிவரைக்கும் போய்ட்டு வரலாமான்னு கேளு" என்றார் இவர். கேட்டேன். தம்பி கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"வரேன்னு சொல்லுங்க, அண்ணி."

இவர் குளித்து, தலை வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. தம்பி வந்தான். முன்பக்கம் ஒரு நிமிடம் நின்றான். பிறகு பின்னால் போய், குட்டைக் காலை முதலில் வைத்து ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தான். "நீங்க முன்னால உக்காருங்க, அண்ணி" என்றான். இவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்த துணி இன்னும் கையிலேயே இருந்தது. எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் வண்டி மட்டும் பேசிக்கொண்டே வந்தது. மழை கழுவிய சாலை, இரண்டு பக்கமும் தேங்கிய தண்ணீர், அதற்குள் தலைகீழாக மரங்கள். இவர் அந்தத் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினார். கழுத்து மரத்துப்போகிற அளவுக்கு நேராகப் பார்த்து ஓட்டினார்.

ஏரிக்கரையில் ஒரு சரிவின் அடியில் வண்டியை நிறுத்தியபோதே இதுதான் அந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "வேண்டாங்க" என்றேன். "ஒரு தடவை ஒழுங்கா ஏறி இறங்கிடறேன்" என்றார். ஏறினார். பாதி தூரத்தில் பின்சக்கரம் ஒன்று மழை அறுத்த பள்ளத்தில் இறங்கி வெறுமனே சுழன்றது. நாலு சக்கரத்தையும் சேர்க்கிற சின்னக் கம்பியைப் பிடித்து இழுத்தார். இத்தனை நாளில் அதை யாரும் இழுத்துப் பார்த்திருக்கவில்லை. இவர் பார்த்திருப்பார் என்று அவன் இருந்திருக்கிறான், அவன் பார்த்திருப்பான் என்று இவர்.

வண்டி ஒரு குதி குதித்தது. அப்புறம் முனகியது. முன்னால் ஒன்று ஒரு கணக்கில் இழுக்க, பின்னால் ஒன்று வேறு கணக்கில் தள்ள, நடுவில் நாங்கள் ஆடினோம். அடியில் டமார் என்று ஒரு சத்தம். நாலடி நகர்ந்து இன்ஜின் அணைந்தது. கம்பியைத் திரும்பத் தள்ளினால் அசையவில்லை, இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி மேல்கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. முகத்தை வெளியே திருப்பி வைத்திருந்தான். கோபம் என்று நினைத்தேன்.

"அண்ணி, இறங்கச் சொல்லுங்க. ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கினாத்தான் விடும்."

சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். முன்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கியதும் அது தானாகவே படாரென்று சுழன்று, உள்ளே முறுக்கிக்கொண்டிருந்ததை எல்லாம் விட்டது. கம்பி விடுபட்டது. ஜாக்கியை இறக்கி, வண்டியை மெல்லப் பின்னால் உருட்டிச் சமதரைக்குக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. "இடப்பக்கம் பிடிக்கச் சொல்லு", "பிடிச்சிருக்கேன்னு சொல்லுங்க." சேற்றில் செருப்பு அறுந்து நான் நின்றுகொண்டிருந்தேன்.

கோளாறு எங்கே என்று தம்பிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. முன்னாலும் பின்னாலும் அச்சின் நடுவில் ஒரு பல்சக்கர ஜோடி இருக்கிறதாம், மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுவது அதுதான். முன்ஜோடியும் பின்ஜோடியும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டும். சக்கரத்தைத் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றி, அச்சுக்கு வருகிற நடுத்தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும். இவர் பின்னால் போய்ச் சுண்ணாம்புக் கல்லால் தண்டில் கோடு போட்டு எண்ணினார். தம்பி முன்னால் எண்ணினான்.

"எவ்வளவுன்னு கேளு" என்றார் இவர்.

"கேக்க மாட்டேன்" என்றேன்.

இரண்டு தலைகளும் நிமிர்ந்தன.

"இனிமே தூது போக முடியாது. வாய் இருக்கு, காது இருக்கு. எண்ணுனது நீங்க, சொல்லிக்க வேண்டியதும் நீங்கதான்." அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

 ஏரியில் காற்று ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெதுவாக நடந்து போனது.

"நாலேகால்" என்றார் இவர், பின்சக்கரத்தைப் பார்த்து.

"அஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு" என்றான் தம்பி, முன்சக்கரத்தைப் பார்த்து.

மறுபடி காற்று.

"முன்னால நீ மாத்திட்டியா?"

"துருப்பிடிச்சுப் போயிருந்துது. பழைய இரும்புச் சந்தையில ஒண்ணு கிடைச்சுது. நீயுமா மாத்தினே?"

"ரெண்டு பல்லு போயிருந்துச்சு. மூணாவது கடை, ஒரு வழுக்கைத் தலை ஆளு…"

"அவன்கிட்டயேதான் நானும் வாங்கினேன்!"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

அதட்டலாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி கிரவுனைத் தாண்டி வேறெங்கோ போய் நின்றது. இவர் எழுந்தார். சலவைச் சட்டையில் பாதி சேறு. வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

"கால் வலிக்குதாடா?"

தம்பி தொடையில் கை வைத்தான். "மழைக்கு முந்தி வலிக்கும்" என்றான். "இந்த வருஷம் ஜாஸ்தி."

"என்னாலதான். தண்ணியைப் பாத்துக்கிட்டு… என்னாலதான்டா."

"தெரியும், அண்ணா."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. அதற்காகவே அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றார் இவர். "முன்னால உக்காரு. இந்த ஒரு தடவை என் பக்கத்துல உக்காரு."

தம்பி தலையை ஆட்டினான். முகம் சிறுத்துப்போனது. "எனக்கு உன்மேல கோபமே இல்லண்ணா. இருந்திருந்தா எப்பவோ சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். பயமா இருக்கு. நீ ஓட்டி நான் பக்கத்துல உக்காரணும்னா இன்னும் உடம்பு நடுங்குது. இவ்வளவு வயசாகி, இதை எப்படிச் சொல்றதுன்னுதான் பேசாமயே இருந்துட்டேன்."

 இவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். தம்பியின் கையைப் பிடித்து அதற்குள் வைத்தார்.

"கிளட்ச் எட்டாதுண்ணா."

"நுனியில உக்காந்தா எட்டும். முதுகுக்கு நான் சாக்கை மடிச்சு வைக்கறேன்."

நான் பின்சீட்டில் ஏறினேன், இவர் முன்னால் பக்கத்து இருக்கையில் ஏறினார். தம்பி இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, குட்டைக் காலை நீட்டிக் கிளட்ச்சை மிதித்தான். முதல் தடவை வண்டி எகிறி நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவதில் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. வெகு காலமாக ஸ்டியரிங் பிடிக்காத கை. வண்டி சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. எதிரே ஒரு லாரி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது இவருடைய ஒரு கை மேல்கம்பியில் இருந்தது. வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது.

"பயமா இருக்காண்ணா?" என்றான் தம்பி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்குடா" என்றார் இவர். வீடு வரும்வரை அந்தக் காலை எடுக்கவே இல்லை.